பாத்துக்கும் என்றேன்

நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று நான்தான் கேட்டேன். வேறு எதையாவது கேட்டிருக்கலாம். கல்லூரிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டிருக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். வருடா வருடம் இந்த வகுப்புக்கு, உளவியல் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சராசரியும் திட்டவிலக்கமும் தொடங்குகிற இந்த நாளுக்கு, வீட்டில் எத்தனை பேர் என்பதுதான் என் கேள்வி. யாரும் யோசிக்க வேண்டாத கேள்வி. நாலு, மூணு, அஞ்சு என்று வரும், கூட்டுக் குடும்பத்துப் பையன் ஒருத்தன் பதினொன்று என்பான், வகுப்பு சிரிக்கும், அந்தப் பதினொன்றை வைத்தே ஒற்றை எண் எப்படிச் சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்று காட்டிவிடலாம். இன்று அந்தக் கேள்வி தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விட்டது. சொல்லி முடித்ததும் என்னையும் கேட்பார்கள், உங்க வீட்ல எத்தனை பேர் மேம் என்று, அது ஒவ்வொரு வருடமும் நடப்பது. போன வருடம் மூணு என்றேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது, அப்படி ஒரு சந்தோஷம் அந்த எண்ணில். இன்றைக்கு மூணு இல்லை. அதனால் தூக்கம் என்று மாற்றிக் கேட்டு, பலகையில் பச்சை மார்க்கரால் எழுதியும்விட்டேன், எழுதிய பிறகுதான் இது அதைவிட மோசமான கேள்வி என்று உறைத்தது.

முதல் வரிசையில் ஆறு பேர். லிடியா எட்டு என்கிறாள், பக்கத்தில் இருப்பவள் ஏழு, நஸ்ரின் அஞ்சு, அவளுக்கு அடுத்தவள் ஆறு, வெற்றிவேந்தன் ஏழு என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட, பின்னால் சிரிப்பு. ஜன்னலோரம் இருக்கிற பெண் மூணு என்கிறாள். மூணு மணி நேரமா, ஏம்மா என்று கேட்கிறேன், என் குரல் எப்போதும்போலத்தான் இருக்கிறது, ஆச்சரியம். "லேப் ரெக்கார்டு பாக்கி இருந்துச்சு மேம், மொத்தமா உக்காந்து எழுதினேன்." பாவம், கண் உள்ளே போயிருக்கிறது. மூணு என்று எழுதுகிறேன். அப்போது வெற்றிவேந்தன், நினைத்த மாதிரியே, "உங்களோடதையும் சேத்துக்கலாமே மேம், ஏழு பேரா ஆயிடும்" என்கிறான். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஒன்றும் தெரியாது இவர்களுக்கு. துறைத் தலைவருக்கு மட்டும் தெரியும், அவரும் லீவு எடுத்துக்கங்க பிலோமினா என்றார், வேண்டாம் சார் என்றேன், வீட்டில் இருந்து என்ன செய்ய. ஆறு, என்று சொல்கிறேன். எழுதுகிறேன். ஆறு. போன வாரம் இதே மேடையில் நின்று, ஆய்வில் தப்பான முடிவு வரலாம், அது குற்றமே இல்லை, நடக்காததை நடந்ததாக எழுதுவதுதான் குற்றம் என்று அடித்துச் சொன்னவள் நான். ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை. மூடினேன், தூக்கம் வரவில்லை, பிள்ளை சங்கு புரண்டு வந்து காலைத் தூக்கி என் வயிற்றில் போடுவாளே, அந்தக் கனத்துக்காக உடம்பு காத்துக்கொண்டே இருந்தது. உடம்புக்கு யார் சொல்வது. கூட்டுங்கள் என்கிறேன். நாற்பத்திரண்டு மேம். ஏழால் வகுத்தால்? ஆறு. அதாவது நான் சேர்வதற்கு முன்னாலும் ஆறு, சேர்ந்த பிறகும் ஆறு. என் பொய் போய் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டு எதையும் அசைக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் வகுப்பின் தூக்கம் முழுவதும் கீழே இறங்கியிருக்கும். பரவாயில்லை, இவர்கள் ஆறு மணி நேரம் தூங்கியவர்களாகவே இருக்கட்டும்.

சிவசங்கரி என்பது அவள் பெயர். அது அவள் அம்மா வைத்த பெயர், அதை நாங்கள் மாற்றக் கூடாது, மதமும் மாற்றக் கூடாது என்று முதல் நாளே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்து வாசுகி மேடம் சொல்லிவிட்டார். மாற்றவில்லை, வாயில் சங்கு என்று சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். பதினோரு மாதக் குழந்தையாக வந்தாள், இப்போது நாலு வயது ஆகப் போகிறது. வெள்ளிக்கிழமைகளில் தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன், அவளை எதிர்வீட்டு அக்காவோடு உள்ளே அனுப்பிவிட்டுச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பேன், நெற்றி நிறையத் திருநீறோடு ஓடி வந்து என் மூக்கிலும் கொஞ்சம் தேய்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போகும்போது அந்த மூக்கு எனக்கு ஞாபகம் வரும். இது தத்து இல்ல மேடம், என்று வாசுகி மேடம் திரும்பத் திரும்பச் சொன்னார், இது வளர்ப்புப் பராமரிப்பு, அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியாகிற வரைக்கும் நீங்க பாத்துக்கறீங்க, எப்ப வேணா திருப்பிக் கேப்போம், யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க. யோசித்துத்தான் போட்டோம். இவரும்தான், என் வீட்டுக்காரர் சவரிராஜ், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் தொடாத மனுஷர், அவரும் யோசித்துத்தான் போட்டார். கல்யாணமாகிப் பதினாறு வருடம் எங்களுக்குப் பிள்ளை இல்லை, அந்தப் பேச்சையும் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கொஞ்ச நாளைக்கு ஒரு குழந்தை வீட்டில் இருக்கும், அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது, இவ்வளவுதான் பேசினோம். கொஞ்ச நாள் என்கிற வார்த்தைக்கு அளவு என்ன என்று கேட்கத் தோன்றவில்லை, அளவெடுப்பதே தொழிலாக இருக்கிற எனக்கு.

அவள் அம்மா பெயர் தவமணி. மணப்பாறைப் பக்கம். பிள்ளை பெற்ற கொஞ்ச நாளிலேயே மனசு கலங்கிப் போய், யாரோ குழந்தையைக் கொல்ல வருகிறார்கள் என்று தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடியிருக்கிறது அந்தப் பெண். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பேருந்து நிலையத்தில் மழையில் நனைந்துகொண்டு குழந்தையை முந்தானைக்குள் மறைத்தபடி உட்கார்ந்திருந்ததாம், போலீஸ்காரம்மா ஒருத்தர் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அந்த நிலையிலும் குழந்தை நனையவில்லை. இதை வாசுகி மேடம் சொன்னபோது, பார்க்காமலே அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது, பயமும் வந்தது, ஏனென்றால் இது எப்படியாவது எழுந்து வந்துவிடும் என்று அப்போதே தெரிந்தது. வந்தது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, அக்கா வீட்டில் தங்கி, முறுக்குச் சுற்றுகிற இடத்தில் வேலைக்கும் போனது. மாதம் ஒரு முறை எங்கள் எல்லோரையும் அலுவலகத்து அறையில் உட்கார வைப்பார்கள், வந்து பார்த்துவிட்டுப் போகும். முதல் தடவை சங்கு என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டாள். அந்தப் பெண் எதிர்நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் வரவில்லை, அழவில்லை. "பயப்படுது பாப்பா. நான் இங்கேர்ந்தே பாத்துக்கறேங்க்கா" என்றது. எனக்கு அன்று பேருந்தில் வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது. வெட்கம், ஆனால் லேசாகத்தான் இருந்தது. என் பிள்ளை என்னிடம்தான் ஒட்டுகிறாள் என்று.

பிறகு ஒவ்வொரு மாதமும் அரை அடி, ஒரு அடி. தரையில் உட்கார்ந்து தவமணி தன்பாட்டுக்குச் சோழி உருட்டும், சங்கு என் முழங்காலுக்குப் பின்னால் இருந்து பார்ப்பாள். பிறகு ஒரு சோழியை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். பிறகு திருப்பிக் கொண்டுபோய் வைப்பாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு வேலை என்ன. ஆய்வு முறைகளில் உற்றுநோக்கல் என்று ஒரு பாடம் இருக்கிறது, பார்க்கிறவர் தன் விருப்பத்தை அதில் கலந்துவிடக் கூடாது, எதைப் பார்க்க ஆசைப்படுகிறோமோ அதுதான் கண்ணில் படும், ஆகவே முதலில் உங்கள் ஆசை என்ன என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று நடத்துவேன். என் ஆசை எனக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரு மாதம் வராமல் போக வேண்டும். வந்தாலும் மருந்து விட்டுப்போய்க் கண் கலங்கி, கை நடுங்கி, ஏதாவது தாறுமாறாகப் பேச வேண்டும். எல்லோர் முன்னாலும். அதுதான் என் ஆசை, இதைவிடக் கீழான ஆசை ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்மேல் இருக்க முடியாது, அதனால்தான் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். போன சித்திரையில் ஒரு நாள், வெயிலில் பேருந்து ஏறி வந்த களைப்போ என்னவோ, சங்கு சோழி ஆடிக்கொண்டே தவமணி மடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். மின்விசிறி இல்லாத மூலை. அந்தப் பெண் கால் மரத்துப்போயும் அசையவில்லை, ஒரு கையால் குழந்தையின் கழுத்து வியர்வையைத் துடைத்துத் துடைத்துத் தன் புடவையிலேயே தேய்த்துக்கொண்டது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் நான் எடுத்துக்கொள்வேன் என்று நினைத்திருக்கும். எடுத்துக்கொண்டிருப்பேன்.

அதற்கப்புறம்தான் குழந்தைகள் நலக் குழுவில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், டாக்டர் எழுதிக் கொடுத்தது எல்லாம் சரியாக இருந்தது, தலைவராக இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மத்த ரிப்போர்ட் எல்லாம் இருக்கட்டும். நீங்க சைக்காலஜி சொல்லிக்குடுக்கறவங்க. மூணு வருஷமாப் பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்க. நீங்களே சொல்லுங்க, இந்தப் பொண்ணு குழந்தையப் பாத்துக்குமா?" என்றார். இவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம், குழந்தை இன்னும் முழுசாகப் பழகவில்லை, எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், என் வார்த்தையை அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பாத்துக்கும், என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில். நன்றி மேடம் என்றார் அந்த அம்மா. வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்றுகொண்டு இவர் சொன்னார், "உன்னைத்தானே கேட்டாங்க பிலோ. என்னைக் கேக்கலையே. உன்னைத்தானே கேட்டாங்க." நான் பார்த்ததைத்தானே சொன்னேன் என்றேன். "நீ பாத்ததை. சரி. நம்ம சங்குவப் பாத்தியா?" அதற்குப் பிறகு இவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளவில்லை, குரல் உயர்த்தவில்லை, மாத்திரை வாங்கி வந்தியா, கேஸ் சொல்லிட்டியா, எல்லாம் பேசினார். நேற்று ஒப்படைக்கப் போகும்போது மட்டும் லைன் வேலை இருக்கு என்று வரவில்லை. லைன் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். சங்குவைத் தூக்கி வண்டியின் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார வைத்துத் தெருமுனை வரை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே போய்விட்டார்.

"மேம், விலகல் கண்டுபிடிச்சாச்சு" என்கிறாள் நஸ்ரின். ஆமாம், கொடுத்திருந்தேன், ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் என்று கழித்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். எட்டிலிருந்து ஆறு போனால் இரண்டு, மூணிலிருந்து ஆறு போனால் கழித்தல் மூணு. சொல்லச் சொல்லப் பலகையில் எழுதுகிறேன். "கூட்டினா ஸீரோ வருது மேம். தப்பா?" தப்பில்லை. எப்போது கூட்டினாலும் ஸீரோதான் வரும், எந்த வகுப்பாக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், மேலே இருக்கிறவர்கள் கூட்டல், கீழே இருக்கிறவர்கள் கழித்தல், ஒன்றையொன்று தின்றுவிடும். "அப்போ யாருமே தள்ளி இல்லன்னு ஆயிடுதே மேம். இவ மூணு மணி நேரந்தான தூங்கினா." நஸ்ரின், கண்ணே, இதை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒருத்தர்கூட இப்படிக் கேட்டதில்லை, அல்லது கேட்டிருப்பார்கள், என் காதில் விழுந்திருக்காது. நேற்று வாசுகி மேடமும் அதைத்தான் சொன்னார். ஒரு அம்மாவுக்குப் புள்ள கெடைச்சிருச்சு, ஒரு புள்ளைக்கு அம்மா கெடைச்சுட்டா, சந்தோஷப்படணும் மேடம். சந்தோஷம்தான். கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. அதனால்தான், என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன், அப்படியே கூட்டக் கூடாது, ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி வர்க்கமாக்க வேண்டும், அப்போது கழித்தல் குறி போய்விடும், மூணு ஒன்பதாகிவிடும், யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பது மறையாது. ஜன்னலோரப் பெண் தன் ஒன்பதைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறாள். நான் பலகையைப் பார்த்து நிற்கிறேன், கண்ணை இரண்டு மூன்று தடவை கொட்டிக்கொள்கிறேன், மார்க்கர் காய்ந்துபோச்சு என்று சொல்லி வேறொன்றை எடுக்கிற சாக்கில்.

அந்த மேசைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தபோது என்ன செய்தேன் என்றுதான் திரும்பத் திரும்பப் போகிறது மனசு, நூல் முள்ளில் மாட்டின மாதிரி, இழுத்தால் அங்கேயே இன்னும் இறுகுகிறது. என் ஆசையைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். சரி. ஆனால் ஆசை எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்ததைவிடக் கூடுதலாகக் கழித்துவிட்டேனோ? நியாயமானவள் என்று பேர் வாங்க, எனக்கு நானே அந்தப் பேரைக் கொடுத்துக்கொள்ள, குழந்தையைக் கொடுத்துவிட்டேனோ? மடியில் தூங்கினாள், அது வெயில். சோழியைத் திருப்பி வைத்தாள், எந்தக் குழந்தையும் வைக்கும். அலுவலகத்து அறையில் மாதத்துக்கு ஒரு மணி நேரம் நடந்ததை வைத்து ராத்திரியும் பகலும் எப்படி இருக்கும் என்று எப்படிச் சொன்னேன், ஒரு மாணவி இப்படி எழுதிக்கொண்டு வந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேனே, மாதிரி போதாது என்று. நேற்றுப் புறப்படும் நேரத்தில், விளையாடிக்கிட்டு இருக்கும்போதே நைசாப் போயிருங்க மேடம் என்றார் வாசுகி மேடம். அது கூடாது, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், சொல்லாமல் போனால் அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முட்டி போட்டு உட்கார்ந்து, சங்கு, இனிமே நீ இந்த அம்மாகூடத்தான் இருக்கப் போற என்றேன். சரி என்றாள். "நீ எப்ப வருவ? நாளைக்கா?" ஏற்கெனவே போட்டிருந்த கவுன் பொத்தானை மறுபடி கழற்றிப் போட்டுவிட்டேன். மூணு மாசத்துக்குப் போய்ப் பார்க்கக் கூடாது, ஃபோன் பண்ணக் கூடாது, குழந்தை குழம்பிப் போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இன்று காலையில் எழுந்து வந்தால், இவர் முக்காலி போட்டு ஏறி, சங்கு எட்டிப் பார்த்து விழுந்துவிடக் கூடாது என்று பால்கனியில் கட்டியிருந்த வலையைக் கட்டிங் பிளேயரால் வெட்டிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டுமே என்றேன். "எதுக்கு?" என்றார், திரும்பிப் பார்க்காமல். ஒவ்வொரு கட்டையும் வெட்டும்போது டக் டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்க முடியாமல்தான் வகுப்புக்கு வந்தேன்.

மேசையில் ஃபோன் அதிர்கிறது. வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில், தானே நகர்ந்து நகர்ந்து டஸ்டரில் போய் முட்டுகிறது. தவமணி மணப்பாறை. நான் பதிந்து வைத்த பெயர். எடுக்கவில்லை. வர்க்கங்களைக் கூட்டுங்கள் என்கிறேன், ஏழால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். நின்றுவிடுகிறது. மருந்து விட்டுப்போயிருக்குமோ. குழந்தைக்குக் காய்ச்சலோ. பாத்துக்கும் என்று சொன்ன வாய். மறுபடி அதிர்கிறது. ஒரு நிமிஷம் என்று வகுப்பில் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வருகிறேன், தூணோரம், கீழே வேப்பமரத்தடியில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அக்கா." அந்தப் பெண் குரல் கம்மியிருக்கிறது, அழுதிருக்கிறது, ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை, முதலில் நான் கவனித்தது அதைத்தான். "கோவிச்சுக்காதீங்கக்கா, கூப்பிடக் கூடாதுன்னு மேடம் சொல்லிச்சு. நேத்து வந்ததுலேர்ந்து ஒரு வாய் திங்கலக்கா. பால் குடுத்தா தட்டி விடுது. அம்மா அம்மாங்குது. நான்தான் அம்மான்னா, நீ இல்லங்குது."

பின்னால் சங்கு அழுகிறாள். இது விழுந்து அழுகிற அழுகை இல்லை, பொம்மைக்கு அழுகிற அழுகை இல்லை. எல்லா அழுகையும் எனக்குத் தெரியும். இது நான் கேட்டதே இல்லை.

"மருந்து சாப்பிட்டியா தவமணி?"

"ரெண்டு வேளையும் போட்டுட்டேங்க்கா. எனக்கு ஒண்ணும் இல்லக்கா. புள்ளதான். ஒரே ஒரு வாட்டி பேசுங்கக்கா. உங்க கொரலக் கேட்டா சாப்பிடும்."

பேசலாம். சங்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அழுகை நிற்கும், சாப்பிடுவாள், நாளைக்கு மறுபடி ஃபோனைக் கேட்பாள், நான் மறுபடி பேசுவேன், இரண்டு நாளில் இந்தப் பெண் தோற்றுப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வரும், முடியலக்கா, நீங்களே வச்சுக்கங்க என்று. இவ்வளவும் ஒரு கணத்தில் தெரிந்தது, வெளிச்சம் போட்ட மாதிரி. பால்கனி வலையை இவர் திரும்பக் கட்டுவதுகூடத் தெரிந்தது.

"வேணாம்" என்றேன். "ஃபோனை அவகிட்டக் குடுக்காத. நான் சொல்றதக் கேளு. ஊட்டாத. நீ ஊட்டினா சாப்பிட மாட்டா. சோத்துல தயிர் ஊத்தி, உப்புக் கொஞ்சம் கூடப் போட்டு, தட்டைத் தரையில வச்சுட்டு நீ திரும்பி உக்காந்து வேற வேலையப் பாரு. பாக்காத மாதிரி. அழுதா அழட்டும், அடக்காத. ஆனா அறைய விட்டுப் போயிடாத. என்ன ஆனாலும் போயிடாத."

"போவ மாட்டேங்க்கா."

"தூங்க வைக்கறப்ப முதுகுல தட்டாத, அவளுக்குப் பிடிக்காது. காது மடலத் தடவு. இடது காது." சொல்லிக்கொண்டே இருக்கிறேன், என்னிடம் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறேன், இருட்டுக்குப் பயமில்லை, மிக்ஸி சத்தத்துக்குத்தான் பயம், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை அவள் கையாலேயே பொத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் ம், ம் என்று கேட்கிறது. அப்போது பக்கத்தில் ஏதோ இழுபறி, "குடு, குடு" என்று சத்தம், "இரு சாமி, இரு" என்கிறது தவமணி, ஃபோன் எங்கோ உரசி, பிறகு மூச்சு. மூக்கடைத்த சின்ன மூச்சு, என் காதுக்குள்.

"அம்மா?"

வாயைப் பொத்திக்கொண்டேன். பல்லில் உள்ளங்கை அழுந்தியது. வகுப்புக்குள் யாரோ விடையைச் சத்தமாகப் படிக்கிறார்கள், கீழே பைக் கிளம்பிவிட்டது, அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று தூணுக்குள் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"அம்மா? அம்மா நீயா?"

மூச்சு விடவில்லை நான். விட்டால் தெரிந்துவிடும், என் மூச்சும் அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள். சுண்ணாம்பு வாடை. பிறகு ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போல, குரல் தள்ளிப் போனது.

"யாருமே இல்ல" என்றாள் அந்தப் பெண்ணிடம்.

தவமணி பொய் சொல்லவில்லை, சமாதானம் சொல்லவில்லை. ஒரு பாத்திரம் தரையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது, பிறகு கரண்டிச் சத்தம், பிறகு ரொம்ப நேரத்துக்குத் தேம்பல் மட்டும், விட்டு விட்டு. அழைப்பைத் துண்டிக்க அந்தப் பெண் மறந்துவிட்டது. நானும் காதிலிருந்து எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ. "மேம், முடிச்சிட்டோம்" என்று வாசலுக்கு வந்த நஸ்ரின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அப்புறம் மணப்பாறையில், எனக்குத் தெரியாத ஒரு வீட்டில், சங்கு சொன்னது கேட்டது.

"இன்னும் கொஞ்சம் தயிரு."

"இந்தா சாமி" என்றது தவமணி.

அங்கிருந்து யாரும் ஃபோனை வைக்கவில்லை. நான்தான் வைக்க வேண்டும். வைத்தேன்.